வெளி ஹார்ட் டிஸ்க்: வாங்கினவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கிளிநொச்சியிலிருந்து:
கலியாண வீடியோ எடுக்கிற தொழில், அதனால் டிஸ்க் வாங்காத வருஷம் கிடையாது. மேசையில் வைக்கும் 3.5 அங்குல டிஸ்க்கில் கொடுக்கும் காசுக்கு இடம் கூட. ஆனால் அது தனி அடாப்டரில் ஓடுவது. 2022 இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டினார்களே, அப்போது லாப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்க, டிஸ்க் மட்டும் சட்டென்று நின்றுவிடும். ஒரு தாலிகட்டுக் கோப்பு பாதியில் அறுந்தது அப்படித்தான். கமராவின் மெமரி கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பியது. இப்போது யூஎஸ்பி வயரிலேயே கரண்ட் எடுக்கும் 2.5 அங்குலம்தான் வாங்குகிறேன். ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கினால் முதலில் சார்ஜர், அப்புறம் டிஸ்க், எல்லாவற்றையும் கழற்றிவிடுவேன்.

முள்ளியவளையிலிருந்து:
வெளிநாட்டிலிருந்து மச்சான் ‘16 டெராபைட் எஸ்எஸ்டி’ (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிப்பது) ஒன்று கொண்டுவந்தார். இணையத்தில் மலிவாக வாங்கியதாம். 2009 இல் எங்கள் அல்பம் எல்லாம் போய்விட்டது. சொந்தக்காரரிடம் கெஞ்சிச் சேர்த்த படங்களைத்தான் அதில் ஏற்ற இருந்தோம். விண்டோஸும் 16 என்றே காட்டியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. உண்மையான அளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன், உள்ளே 64 ஜிகாபைட்கூட இல்லை! இப்படிப்பட்டவை பொய் அளவைச் சொல்லும். நிரம்பிய பிறகும் எழுதுவதுபோல் நடித்து, கோப்பின் பெயரை மட்டும் வைத்திருக்கும். படம் திறக்காது. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.
ஆனால் 1 டெராபைட் டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிகாபைட் என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அது கணக்கிடும் முறையில் வரும் வித்தியாசம்.

மாங்குளத்திலிருந்து:
கிளிநொச்சி அண்ணை, 2.5 அங்குலத்துக்கும் உள்ளே தட்டு சுழல்கிறது, ஓடும்போது அசைக்கக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கணினியில் ‘சேஃப்லி ரிமூவ்’ (பாதுகாப்பாகக் கழற்று) கொடுத்த கையோடு பையில் போட்டு, கிரவல் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனார். அடுத்த நாள் டிக் டிக் என்று சத்தம். சுழற்சி அடங்கக் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம். அந்தச் சத்தம் கேட்டால் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்க வேண்டாம், மூடியைத் திறக்கவே வேண்டாம். தரவு மீட்பவர்கள் கேட்கும் காசுக்குப் பல புது டிஸ்க் வாங்கலாம். காவித் திரிய எஸ்எஸ்டி நல்லது. அலுமாரியில் வருஷக்கணக்காகப் போட்டுவைக்க அதை நம்ப மாட்டேன், கரண்ட் படாமல் கிடந்தால் தரவு மெல்லக் கரையும்.

கிளிநொச்சியிலிருந்து:
சரி தம்பி, கலியாண வீட்டுக்காரருக்கு எதில் கொடுப்பது? ஃபேட்32 என்ற ஃபோர்மட்டில் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை) 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது.

மாங்குளத்திலிருந்து:
எக்ஸ்ஃபேட் ஃபோர்மட்டில் போடுங்கள், பெரிய கோப்பும் ஏறும், ஆப்பிளின் மேக் கணினியிலும் திறக்கும். பழைய டிவி சிலது வாசிக்காது, முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.