ஏழே நாளில் தனியுரிமைச் சட்டம்: கலிபோர்னியா செய்தது முறையா?

கரிசல்வாசி:
நம் தகவல்களை நிறுவனங்கள் சேர்ப்பதையும் விற்பதையும் கட்டுப்படுத்தும் கலிபோர்னியாவின் நுகர்வோர் தனியுரிமைச் சட்டத்தை முன்மாதிரி என்று கொண்டாடுகிறவர்கள், அது வந்த வழியைப் பார்த்தார்களா? 2018 ஜூன் 21-இல் மசோதாவின் புது வாசகம் வெளியானது. 28-ஆம் தேதி இரண்டு அவையிலும் ஓட்டு, அன்றே ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்து. அதுவும் புது மசோதா கிடையாது. ஏபி 375 (கீழவை மசோதா எண் 375) என்பது 2017-இல் இணைய இணைப்பு தரும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த கீழவை உறுப்பினர் எட் சாவ் கொண்டுவந்து, செனட்டில் படுத்துவிட்ட மசோதா. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே இருந்ததை வழித்துப் போட்டுவிட்டு வேறொன்றை நிரப்பினார்கள். கூடு விட்டுக் கூடு பாய்வது என்பார்களே, அதுதான். புது மசோதா என்றால் அறிமுகமாகி 30 நாள் கழியும்வரை சட்டமன்றக் குழு விசாரிக்கக்கூடாது என்பது அம்மாநில அரசமைப்பு விதி. பழைய எண்ணுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

சான்ஹோசே சித்தப்பா:
தம்பி, பாதிக் கதையைச் சொல்கிறீர்கள். அந்த 28-ஆம் தேதியை நிர்ணயித்தது சட்டமன்றம் அல்ல. அலஸ்டர் மெக்டகார்ட் என்ற சான்பிரான்சிஸ்கோ ரியல் எஸ்டேட்காரர் தானே ஒரு தனியுரிமைச் சட்ட வரைவை எழுதவைத்து, அதை நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்கு விட, சொந்தக் காசைப் போட்டு 6 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கியிருந்தார். போதிய கையெழுத்து இருந்தால் அங்கே அப்படிச் செய்யலாம். தேவை 3,65,880தான். நவம்பர் வாக்கெடுப்பிலிருந்து அந்த வரைவைத் திரும்பப் பெற அன்றுதான் கடைசி நாள். "சட்டம் போடுங்கள், வாபஸ் வாங்குகிறேன்" என்றார். அப்புறம்தான் தூங்கின மசோதா எழுந்தது. விதியும் மீறப்படவில்லை. ஓட்டுக்கு 72 மணி நேரம் முன்பே வாசகம் இணையத்தில் இருக்க வேண்டும் என்று 2016-இல் மக்களே ஓட்டுப் போட்டார்கள். கடைசித் திருத்தம் வந்தது 25-ஆம் தேதி.

நிலாமுற்றம்:
எதிர்த்து ஒரு ஓட்டாவது விழுந்ததா?

சான்ஹோசே சித்தப்பா:
இல்லையம்மா. கீழவையில் 69-0, செனட்டில் 36-0.

கரிசல்வாசி:
எனக்கு உறுத்துவதே அந்த பூஜ்ஜியம்தான். நிறுவனங்கள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. மெக்டகார்ட்டின் வரைவு வாக்கெடுப்பில் ஜெயித்திருந்தால், அதைத் திருத்த ஒவ்வொரு அவையிலும் 70 சதவீத ஓட்டு வேண்டும். சட்டமன்றம் போட்ட சட்டத்தை எப்போது வேண்டுமானாலும் செதுக்கலாம். செப்டம்பரிலேயே முதல் திருத்தச் சட்டம் வந்துவிட்டதே! நிறுவனத்தின் மேல் நேரடியாக வழக்குப் போடும் உரிமை என்ன ஆனது? வரைவில் விரிவாக இருந்தது. சட்டத்தில் தகவல் கசிந்தால் மட்டும், 100 முதல் 750 டாலர் வரை. இந்த பேரத்தை எந்தக் குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசினார்கள்?

சான்ஹோசே சித்தப்பா:
வழக்குரிமை போனது நஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செப்டம்பர் திருத்தத்தைக் குற்றமாகச் சொல்லாதீர்கள். ஒரு வாரத்தில் எழுதினால் பிழை இருக்கத்தான் செய்யும். திருத்த வழி இருந்தது நல்லதாயிற்று. ரொம்பச் செதுக்குகிறார்கள் என்று தோன்றியதும் மெக்டகார்ட் சும்மா இருந்தாரா? 2020-இல் சட்டத்தை வலுப்படுத்தும் இன்னொரு வரைவோடு வாக்கெடுப்புக்குப் போனார், சுமார் 56 சதவீதம் ஆதரித்தார்கள்.

பழைய குமாஸ்தா:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அதே 2018 ஜூன் 28-இல் பிரவுன் இன்னொரு மசோதாவிலும் கையெழுத்துப் போட்டார். உள்ளாட்சிகள் எந்த வரியை உயர்த்தவும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்று குளிர்பான நிறுவனங்கள் ஒரு வாக்கெடுப்பைத் தயார் செய்து வைத்திருந்தன. அதை வாபஸ் வாங்க அவர்கள் கேட்ட விலை: 2030 முடியும்வரை எந்த ஊரும் புதிதாக சோடா வரி போடக்கூடாது. சட்டமன்றம் கொடுத்தது. சித்தப்பா மெச்சுகிற அதே கத்திதான், பிடித்த கை வேறு.

சான்ஹோசே சித்தப்பா:
இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கையெழுத்துகளைக் கொடுத்த பிறகும் திரும்பப் பெறலாம் என்ற வழியே 2014-இல் சட்டமன்றம் கொண்டுவந்ததுதான். அதை எடுத்துவிட்டால் சோடா பேரம் நடந்திருக்காது. தனியுரிமைச் சட்டம் நவம்பரில் வாக்குச்சீட்டுக்குப் போயிருக்கும்.

கரிசல்வாசி:
போகட்டுமே! 70 சதவீதப் பூட்டோடு வந்திருக்கும்.

சான்ஹோசே சித்தப்பா:
அல்லது கோடிக்கணக்கான டாலர் விளம்பரத்தில் தோற்றிருக்கும். அந்தப் பக்கமும் நிறுவனங்கள் பணம் சேர்த்துக்கொண்டுதான் இருந்தன தம்பி.