சப்நெட் மாஸ்க்: முகமூடியா, வரம்பா, எல்லைக்குறியா?

கிளிநொச்சியிலிருந்து:

வணக்கம். உயர்தர மாணவருக்கான வலையமைப்புக் கையேட்டில் "சப்நெட் மாஸ்க்" என்பதற்கான தமிழ்ச் சொல் இன்னும் இழுபடுகிறது. "உபவலை முகமூடி" (உபவலை என்பது பெரிய வலையமைப்பின் ஒரு பகுதி) என்று போட்டால், அது எதையோ ஒளித்துப் பாதுகாக்கிற ஏற்பாடு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். அது செய்வதோ வேறு வேலை. 32 பிட் முகவரியில் எத்தனை பிட் வலையமைப்புக்கு, மிச்சம் எத்தனை கணினிக்கு என்று பிரித்துக் காட்டுகிறது. 255.255.255.192 என்றால் முதல் 26 பிட் வலையமைப்புக்கு. மிச்சம் 6 பிட்டில் 64 முகவரி வரும். முதலாவது உபவலையைக் குறிக்க, கடைசி பிராட்காஸ்டுக்கு, அதாவது உபவலையில் எல்லாருக்கும் ஒரேயடியாக அனுப்ப. கணினிகளுக்கு 62.

"உபவலை வரம்பு" என்று வைப்போமா? இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு வரம்பு என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

வவுனியாவிலிருந்து:

அண்ணா, வரம்பு வடிவான சொல்தான், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. வேக வரம்பு, கோப்பளவு வரம்பு என்று லிமிட்டுக்கு அதைத்தான் எழுதுகிறோம். "உபவலை வரம்பு 62" என்று விடை எழுதுகிற பிள்ளைக்குப் பிழை போட முடியாது.

அதைவிட, வரம்பு வயலில் கிடக்கிறது, இரண்டு பக்கத்தாருக்கும் ஒன்றுதான். மாஸ்க் வயரிலும் இல்லை, கணினிகளை இணைக்கிற ஆளியிலும் (ஸ்விட்ச்) இல்லை. அனுப்புகிற தரவுப் பொதியின் தலைப்பில்கூட அது போவதில்லை. ஒவ்வொரு கணினியும் தன்னிடம் வைத்திருக்கிற எண் அது. அதனால் எல்லை எங்கே என்பதில் இரண்டு கணினிகள் முரண்படலாம். களத்தில் வருகிற சிக்கலும் இதுதான்.

ஒரு பாடசாலையை எடுங்கள். கணினி அறைக்கு 192.168.1.0 முதல் 63 வரை, அலுவலகத்துக்கு 64 முதல் 127 வரை. இரண்டும் வெவ்வேறு ஆளியில். நடுவில் உபவலைகளுக்கிடையே பொதிகளைக் கடத்துகிற ரவுட்டர், அதன் முகவரிகள் 192.168.1.1, 192.168.1.65. அலுவலகக் கணினி ஒன்று, 192.168.1.70, பழைய 255.255.255.0 உடனேயே விடப்பட்டிருக்கிறது. அதற்கு இணையம் ஒரு குறையுமில்லாமல் வரும். ஏனென்றால் வெளியுலக முகவரி எந்தக் கணக்கிலும் வெளியேதான், வெளியே போகும் வழியான ரவுட்டர் முகவரி, அதாவது நுழைவாயில், 65 உம் கைக்கெட்டும் தூரத்தில்தான். கணினி அறையில் 192.168.1.20 இல் இருக்கிற பிரின்டர் மட்டும் வராது. 20 தன் உபவலைக்குள்தான் என்று நினைத்து, ரவுட்டரிடம் கொடுக்காமல் ஏ.ஆர்.பி. மூலம், அதாவது "இந்த முகவரி யாருடையது" என்று தன் வலையில் கேட்டு, நேரே கூப்பிடும். அந்தக் கூப்பாடு ரவுட்டரைத் தாண்டாது. பிங் செய்தால் (பதில் வருகிறதா என்று சோதித்தால்), தன் சொந்த முகவரியிலிருந்தே "சென்றடைய முடியவில்லை" என்று பதில் வரும். பிரின்டரைக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை.

மறுவளமும் நடக்கும். முழு அறையும் 255.255.255.0 இல் இருக்க, 192.168.1.100 இல் மட்டும் மாஸ்க்கை 192 என்று முடித்திருந்தால், நுழைவாயில் 192.168.1.1 அதன் எல்லைக்கு வெளியே போய்விடும். பக்கத்துக் கணினி 110 பதில் தரும், இணையம் வராமல் போகலாம். விண்டோஸ் எச்சரித்துவிட்டு விட்டுவிடும். லினக்ஸ் பொதுவாக அந்த நுழைவாயிலை ஏற்கவே மறுக்கும்.

ஆகவே "எல்லைக்குறி" என்கிறேன். குறி என்றால், அவரவர் தம் கணக்கில் போட்டு வைத்தது என்பதும் அதில் வந்துவிடும்.

முல்லைத்தீவிலிருந்து:

மாஸ்க் எதையும் மறைப்பதில்லை என்பதுபோல முதல் மடல் போகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. 70 ஐ இருமத்தில் எழுதினால் 01000110. 192 என்பது 11000000. இரண்டையும் அண்ட் செய்தால் (இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 போட்டால்) 01000000, அதாவது 64. மாஸ்க்கில் பூச்சியம் உள்ள இடமெல்லாம் கணினிப் பகுதி மறைந்துபோகிறது. ஆங்கிலச் சொல் அங்கிருந்துதான் வருகிறது. நிரலாக்கத்தில் குறிப்பிட்ட பிட்டுகளை மட்டும் எடுக்கிற பிட்மாஸ்க் படிக்கும்போதும், எந்த பிட்டுகள் பொருந்தவேண்டும் என்று ரவுட்டரில் சொல்கிற வைல்ட்கார்ட் மாஸ்க் எழுதும்போதும் இதே வேர். "எல்லைக்குறி" என்றால் அந்தக் குடும்பம் சிதறிவிடும். "உபவலை மறைப்பு" போதாதா?

இன்னொரு குறிப்பு. நடுவில் சிஸ்கோ ரவுட்டர் இருந்தால் புரொக்சி ஏ.ஆர்.பி. இயல்பாகவே இயங்கும். அது 20 க்காகத் தானே பதில் சொல்லி, பிழையான மாஸ்க்கையும் வேலை செய்ய வைத்துவிடும். பயிற்சிக்கு முன் அதை நிறுத்தாவிட்டால் பிள்ளைகளுக்குப் பிழையே தெரியாது.

வவுனியாவிலிருந்து:

புரொக்சி விடயம் கட்டாயம் கையேட்டில் வரவேண்டும், நன்றி. சொல்லைப் பற்றி: அண்ட் கணக்கில் மறைப்பு நடப்பது உண்மை. 1985 இல் உபவலைக்கான இணையத் தர ஆவணம் ஆர்.எஃப்.சி. 950 வந்தபோது மாஸ்க்கின் ஒன்றுகள் தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, அப்படி இருப்பது நல்லது என்று மட்டும் சொன்னது. அந்தக் காலத்துக்கு "மறைப்பு" பொருந்தும். 1993 இல் வகுப்பில்லாமல் முகவரிகளைப் பிரிக்கிற முறையான சி.ஐ.டி.ஆர். வந்தபின் ஒன்றுகள் எல்லாம் இடப்பக்கம், பூச்சியங்கள் எல்லாம் வலப்பக்கம். நடுவில் ஒரேயொரு வெட்டு. 255.255.255.160 என்று போட்டால் கணினி ஏற்காது. இப்போது அது எல்லைதான்.

வைல்ட்கார்ட் மாஸ்க்கில் அந்தக் கட்டாயம் இன்றைக்கும் இல்லை. அதற்கு "பொருத்துக்குறி", பிட்மாஸ்க்குக்கு "பிட் மறைப்பு" என்று விடலாம். ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் மூன்று வந்தால் குடி முழுகிவிடாது.

கிளிநொச்சியிலிருந்து:

சரி, வரம்பை விட்டுவிடுகிறேன். தலைப்பிலும் பாடத்திலும் "எல்லைக்குறி". பெட்டிப் படங்களில் சப்நெட் மாஸ்க் என்பதும் இருக்கட்டும், திரையில் பிள்ளை காணப்போவது அதைத்தான். /26 என்று எழுதும்போது சாய்கோட்டுக்குப் பின் வருகிற 26 க்கு "எல்லை நீளம்" என்று போடுகிறேன். தமிழ்நாட்டுப் பாணியில் "துணைவலை" என்று மாற்றக் கேட்டவர்களுக்கு: நம் பிள்ளைகள் பழகியது "உபவலை", அதை இப்போது தொடவேண்டாம்.

பயிற்சி 4 இல் 40 கணினிக்கு 255.255.255.224 என்று அச்சாகியிருக்கிறது. அதில் 30 தான் கொள்ளும். 192 என்று திருத்தி அனுப்புகிறேன்.