நடுவர் விசாரணையில் மூன்றாம் தரப்பினர் சேர வழியுண்டா?

குழுவிலுள்ள வழக்கறிஞர்களுக்கு வணக்கம். திருப்பூரில் சாயமேற்றிய பின்னலாடைத் துணிக்குக் கூலிக்குக் காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காதிருக்க இயந்திரத்தில் அழுத்தி முன்கூட்டியே சுருக்கும் வேலை) செய்து தருகிறேன். எங்களுக்கு வேலை கொடுத்த ஏற்றுமதியாளருக்கும் அவரிடம் வாங்கிய நிறுவனத்துக்கும் துணி சுருங்கியது குறித்து நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) முன் விசாரணை நடக்கிறது. அங்கே பழி எங்கள் பட்டறை மீது போடப்பட்டு, கூலி பில்லும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ரோலிலும் வெட்டித் துவைத்து அளந்த துண்டுகள், தேதி எழுதியபடியே என் பீரோவில் இருக்கின்றன.

கையெழுத்திடாதவரையும் சில சூழல்களில் நடுவர் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்று 2023 டிசம்பரில் காக்ஸ் அண்ட் கிங்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு, சமரசச் சட்டத்தின் 42ஏ பிரிவோ நடவடிக்கைகளை இரகசியமாகக் காக்கச் சொல்கிறது. தரப்பாகச் சேர்ந்தால் இழப்பீடும் என் தலையில் விழுமோ என்று தயங்குகிறேன். சாட்சியம் பெற நீதிமன்ற உதவி கேட்க இடமளிக்கும் அதே சட்டத்தின் 27ஆம் பிரிவின் வழியாக, ஏற்றுமதியாளரை மனுச் செய்ய வைத்து, சாட்சியாக மட்டும் நான் செல்வது பலன் தருமா? அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.