கிளைக்கதையா, பிரிகதையா? பாத்திரமேற்பு ஆட்டங்களுக்கான கலைச்சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஆடுபவரின் முடிவுக்கேற்பக் கதை பிரிந்து செல்லும் கணினி ஆட்டங்களைப் பற்றித் தமிழில் எழுத முற்படுவோருக்கு ஒரு சொற்பட்டியல் வேண்டும் என்று தொடங்கிய இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள், ரோல் பிளேயிங் கேம் என்பதற்கான 'பாத்திரமேற்பு ஆட்டம்' என்பதை நான் முழு மனத்துடன் ஏற்கிறேன். அதற்கு மாற்றாக 'வேடமேற்பு' என்றும் ஒரு கருத்து வந்தது. வேடம் என்றவுடன் உள்ளிருப்பவர் வேறு, வெளித்தோற்றம் வேறு என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. இந்த ஆட்டங்களிலோ பாத்திரம் எடுக்கும் முடிவுகள் அனைத்தும் ஆடுபவரே எடுப்பவை. ஆகையால் பாத்திரமேற்பே பொருத்தம். எஞ்சிய இரண்டில்தான் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. முடிவுக்கேற்ப வெவ்வேறு வழிகளில் பிரியும் கதையையும், உரையாடலில் என்ன சொல்வது என்று ஆடுபவர் எடுக்கும் முடிவையும் குறிக்க முன்வைக்கப்பட்டவை அவை:

> பிராஞ்சிங் நேரேட்டிவ் = கிளைக்கதை
> டயலாக் சாய்ஸ் = உரையாடல் விருப்பம்

கிளைக்கதை என்ற சொல்லுக்குத் தமிழில் நிலைபெற்ற பொருள் ஒன்று ஏற்கெனவே உண்டு. நளன் கதையும் சாவித்திரி கதையும் மகாபாரதத்தின் கிளைக்கதைகள் என்கிறோம். முதன்மைக் கதையை நிறுத்திவிட்டுக் கேட்பவர் அங்கே சென்று வருகிறார். திரும்பி வரும்போது முதன்மைக் கதை விட்ட இடத்திலேயே காத்திருக்கிறது. பாத்திரமேற்பு ஆட்டங்களிலும் இதே அமைப்பு உண்டு. 2015இல் வெளிவந்த 'தி விட்சர் 3' ஆட்டத்தில் ஊர் ஊராகச் சென்று கூலிக்கு அரக்கர்களை வேட்டையாடும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை அத்தகையவையே. சைடு குவெஸ்ட் என்று ஆடுபவர்கள் சொல்லும் அதற்குக் கிளைக்கதை மிகச் சரியான சொல். அதை எடுத்துப் பிராஞ்சிங் நேரேட்டிவுக்குக் கொடுத்துவிட்டால், உண்மையான கிளைக்கதைக்கு வேறொரு சொல் தேடி நாம் மீண்டும் இங்கே கூட வேண்டியிருக்கும்.

பிரியும் கதையின் இயல்பே வேறு. அதே வரிசையில் 2011இல் வந்த இரண்டாம் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயத்தின் முடிவில் நாயகன் படைத்தலைவன் வெர்னான் ரோச்சுடன் செல்வதா, கிளர்ச்சித் தலைவன் இயோர்வெத்துடன் செல்வதா என்று முடிவுசெய்ய வேண்டும். ரோச்சுடன் சென்றால் இரண்டாம் அத்தியாயம் முற்றுகையிடும் படையின் பாசறையிலும், இயோர்வெத்துடன் சென்றால் முற்றுகைக்கு அஞ்சி நிற்கும் நகரத்துக்குள்ளும் நடக்கிறது. சந்திக்கும் மனிதர்கள் வேறு, பணிகள் வேறு. ஒரே போரை இரு பக்கங்களிலிருந்து பார்க்கிறோம். ஒன்றைத் தேர்ந்தவர் மற்றதைக் காண வேண்டுமானால் ஆட்டத்தை முன்பு சேமித்துவைத்த இடத்துக்குத் திரும்பி மீண்டும் ஆடுவதைத் தவிர வழியில்லை. இங்கே அடிமரத்திலிருந்து கிளை புறப்படவில்லை, அடிமரமே இரண்டாகிறது.

இதற்குப் பழஞ்சொல் ஏதேனும் கிடைக்குமா என்று பார்த்தால், வழி பிரிவதைக் குறிக்கும் 'கவர்' என்ற வினை முதலில் வருகிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகப் பிரிவதை அந்த வினையால்தான் சொல்கிறார்கள். பொருள் மிகவும் பொருந்துகிறது. ஆனால் 'கவர்கதை' என்று இன்று எழுதினால் உள்ளத்தைக் கவரும் கதை என்றே எவரும் படிப்பார். அதன் உறவுச் சொல்லான 'கவை' ஒன்று இரண்டாகும் இடத்தை நேராகச் சுட்டுகிறது. கவட்டை என்ற வடிவில் பேச்சிலும் உயிரோடு இருக்கிறது. இருந்தும் 'கவைக்குதவாத பேச்சு' என்ற வழக்கின் வழியாகவே பெரும்பாலோர் அச்சொல்லை அறிந்திருக்கிறார்கள் என்பதால், கவைக்கதை என்பதும் முதல் கேட்பிலேயே தவறான திசையில் போய்விடும் என்று அஞ்சுகிறேன்.

ஆகவே நான் முன்வைப்பது 'பிரிகதை'. ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. பிரிந்த கதை, பிரிகின்ற கதை, பிரியும் கதை என்று முக்காலத்துக்கும் இது இடம் தருகிறது. ஓர் ஆட்டத்தின் நடுவில் நிற்பவருக்கு, முன்பே மூடிவிட்ட வழிகளும், இப்போது கண்முன் பிரியும் வழியும், இனி வரவிருக்கும் பிரிவுகளும் சேர்ந்ததுதானே அந்தக் கதை. இன்னொரு நன்மையும் உண்டு. கயிற்றின் இழையையும் பிரி என்கிறோம். பல பிரிகளை முறுக்கித்தான் ஒரு கயிறு ஆகிறது. இந்தப் பொருள் தற்செயலாகக் கூடிவந்தாலும், இத்தகைய ஆட்டங்கள் உண்மையில் எழுதப்படும் முறைக்கு அது மிக நெருக்கமானது.

காரணம் எளிய கணக்கு. ஒவ்வொரு முடிவிலும் கதை இரண்டாகப் பிரிந்து, பிறகு எங்கும் சேராமல் சென்றுகொண்டே இருந்தால், பத்து முடிவுகளில் 1,024 வழிகளும் இருபது முடிவுகளில் 10,48,576 வழிகளும் உண்டாகும். அத்தனையையும் எழுதி, நடித்து, குரல் கொடுத்து முடிக்க எந்தக் குழுவாலும் இயலாது. ஆகவே சிறிது தூரம் பிரியவிட்டு, முதன்மையான நிகழ்ச்சி ஒன்றில் எல்லா வழிகளையும் ஒன்றாக்கி, மீண்டும் பிரிப்பார்கள். இந்த இரு இடங்களுக்கும் பெயர் வேண்டும். 'முடிச்சு' என்று சிலர் சொல்லக்கூடும். 2016இல் திறமூலமாக வெளியிடப்பட்ட இங்க் என்ற கதைநிரல் மொழியும் தன் பகுதிகளை நாட், அதாவது முடிச்சு, என்றே அழைக்கிறது. ஆனால் தமிழில் கதையின் முடிச்சு என்றால் அவிழ்க்க வேண்டிய மர்மம் என்று ஆகிவிட்டது. தாவரவியல் பாடநூல்களில் நாம் அனைவரும் படித்த 'கணு' இருக்கும்போது வேறு சொல் எதற்கு? உரையாடலின் ஒவ்வோர் அலகும் உரைக்கணு. வழி பிரியும் இடம் பிரிகணு. பிரிந்தவை சேருமிடம் கூடுகணு. இந்தக் கணுக்கள் எல்லாம் சேர்ந்த அமைப்பான டயலாக் ட்ரீ என்பதற்கு 'உரையாடல் மரம்' என்பதே இருக்கட்டும். கிளைகள் மீண்டும் சேர்வதால் அது மரமல்ல என்று கணிதம் அறிந்தவர்கள் சொல்வது சரிதான். ஆயினும் ஆங்கிலத்திலும் அப்படியே வழங்கி நிலைத்துவிட்ட ஒன்றை நாம் மட்டும் திருத்தப் புகுந்தால் குழப்பமே மிஞ்சும்.

வழிகள் சேர்ந்துவிட்டால் முடிவெடுத்ததற்கு என்ன மதிப்பு என்ற கேள்வி இங்கே எழும். மதிப்பு ஆட்டத்தின் நினைவில் இருக்கிறது. 1997இல் வந்த 'ஃபால்அவுட்' ஆட்டத்தில் முதன்மைக் கதையின் முடிவு ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஆடி முடித்ததும், வழியில் கண்ட குடியிருப்புகளுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்று தனித்தனியாகச் சொல்லப்படும். எங்கோ ஓர் ஊரில் யாருக்குத் துணைநின்றோம் என்பது பல மணி நேரம் கழித்து அங்கே வந்து நிற்கிறது. இதை இயலச் செய்வது, நடந்ததைக் குறித்துவைக்கும் சிறு சிறு மாறிகள்; நிரலாளர்கள் ஃபிளாக் என்பார்கள். 'நினைவுக்குறி' என்று இதைச் சொல்லலாம். கொடி என்று நேராகப் பெயர்த்தால் ஒருவருக்கும் விளங்காது.

இனி உரையாடல் விருப்பத்துக்கு வருகிறேன். விருப்பம் என்ற சொல்லை இங்கே கட்டாயம் தவிர்க்க வேண்டும் என்று கருதுகிறேன், ஏனெனில் நல்ல ஆட்டங்களில் நாம் தேர்பவற்றுள் பல நாம் விரும்பாதவை; இரண்டு தீமைகளுக்கு நடுவே ஒன்றை எடுக்கும்படி விடப்படுகிறோம். 'தேர்வு' பரீட்சையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஈழத்தமிழில் இயல்பாக வழங்கும் 'தெரிவு' இந்தக் குறைகள் இல்லாதது. எனவே 'மறுமொழித் தெரிவு' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. எதிரில் நிற்பவர் பேசுகிறார், நாம் அதற்கு என்ன சொல்வது என்று தெரிகிறோம். 2012இல் வந்த 'தி வாக்கிங் டெட்' ஆட்டத்தில் விடையளிக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. வாளாவிருப்பதும் ஒரு தெரிவாகக் கணக்கில் வரும். அதைப் பேச்சுத் தெரிவு என்றால் ஒவ்வாது. மறுமொழி என்றால் மௌனமும் அடங்கும்.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. 1999இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' ஆட்டத்தில் ஒரே வாக்கியம் சில இடங்களில் இரண்டு முறை பட்டியலில் நிற்கும், ஒன்றின் முன்னே உண்மை என்றும் மற்றதன் முன்னே பொய் என்றும் குறித்திருக்கும். கேட்பவர் காதில் விழும் சொற்கள் ஒன்றே. சொல்பவர் உள்ளம் வேறு. நாயகன் எத்தகையவனாக ஆகிறான் என்பதை ஆட்டம் அந்த வேறுபாட்டைக் கொண்டும் கணிக்கிறது. நாம் தெரிவது வாக்கியத்தை மட்டுமன்று, அதன் பின்னுள்ள நோக்கத்தையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இதற்கு மறுதலையாக, 2007இல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' ஆட்டத்தில் மறுமொழிகளை வட்டமாக அடுக்கிக் காட்டும் உரையாடல் சக்கரத்தில் ஒரு சில சொற்களில் சுருக்கம் மட்டுமே தெரியும். பாத்திரம் வாய் திறந்து சொல்வது வேறு, நீண்ட வாக்கியமாக இருக்கும். மென்மையாக மறுப்போம் என்று எண்ணி அழுத்தினால் பாத்திரம் சீறிவிழுவதும் உண்டு. ஆகவே திரையில் தெரிவதைத் 'தெரிவுக் குறிப்பு' என்றும், ஒலிப்பதைப் 'பேச்சு' என்றும் பிரித்துச் சொன்னால்தான் இந்தக் குறையைப் பற்றித் தமிழில் விமரிசனம் எழுதவே முடியும்.

தமிழில் இத்தகைய ஆட்டம் ஒன்றை எழுதப் புகுவோர் உடனே சந்திக்கும் சிக்கலையும் இங்கே குறிப்பிட வேண்டும். எதிரில் நிற்பவரை நம்பவில்லை என்ற ஒரே மறுமொழியைப் பாருங்கள்: 'உன்னை நம்ப முடியவில்லை', 'உங்களை நம்ப முடியவில்லை', 'நம்பும்படியாக இல்லை'. முதலிரண்டில் மதிப்பு வெளிப்பட்டுவிடுகிறது. மூன்றாவதில் பேசுபவர் விளிக்காமலே நழுவிக்கொள்கிறார். ஆங்கிலத்தில் ஒரே வரியாக இருப்பது தமிழில் மூன்று தெரிவுகள். முதல் சந்திப்பில் நாயகி ஒரு காவலரை 'நீ' என்றாளா, 'நீங்கள்' என்றாளா என்பதை நினைவுக்குறியாக வைத்துக்கொண்டு, பிற்பாடு அந்தக் காவலர் உதவ மறுப்பதாக எழுதினால் அது எவ்வளவு இயல்பாக இருக்கும்! இதை 'விளித் தெரிவு' என்று தனியாகவே பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். இதற்கு மூலமாக ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேட வேண்டியதில்லை. வினைமுற்றிலும் இதே கவனம் வேண்டும்: நாயகர் ஆணா பெண்ணா என்பதை ஆடுபவரே முடிவுசெய்யும் ஆட்டங்களில் 'வந்தேன்' என்று அவர் தாமே சொல்வதில் தொல்லையில்லை, மற்றவர் அவரைப் பற்றிப் பேசும்போதுதான் வந்தான், வந்தாள், வந்தார் என்று மாறி நிற்கும்.

மீனிங்ஃபுல் சாய்ஸ் என்பதைப் 'பொருளுள்ள தெரிவு' என்று சிலர் பெயர்க்கக்கூடும். அங்கே கருதப்படுவது சொற்பொருள் அன்று. தெரிந்ததால் ஏதோ ஒன்று மாறுகிறது என்பதுதான். விளைநிலம் என்பதைப் போல 'விளைதெரிவு' என்றால் அது நேராக வந்துவிடும். எதையும் மாற்றாததை 'வெறுந்தெரிவு' எனலாம். ஆனால் இவ்விரண்டோடு நிறுத்திவிடக் கூடாது. கதை மாறாவிட்டாலும், தன் பாத்திரம் கனிவாகப் பேசுமா கடுமையாகப் பேசுமா என்று ஆடுபவர் தெரிவது வெறுமையானதன்று. பாத்திரமேற்பின் உயிர் பாதி அங்கேதான் இருக்கிறது. அதை 'தொனித் தெரிவு' என்று மதிப்போடு பிரித்து வைக்க வேண்டும். எதை அழுத்தினாலும் ஒரே பேச்சு ஒலிக்கும் இடங்களுக்கு மட்டும் வெறுந்தெரிவு என்ற பெயர் பொருந்தும்.

பாத்திரத்தின் திறமையைப் பொறுத்துத் திறக்கும் மறுமொழிகளுக்குத் 'திறன் சோதனை' போதும். 2019இல் வந்த 'டிஸ்கோ எலிசியம்' ஆட்டத்தில் இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையோடு திறன் அளவைச் சேர்த்து வெற்றி தோல்வி கணிக்கிறார்கள். வெள்ளைச் சோதனையில் தோற்றவர் திறனை வளர்த்துக்கொண்டு மீண்டும் முயலலாம், சிவப்புக்கு ஒரே வாய்ப்புதான். வெண்சோதனை, செஞ்சோதனை என்று அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது சொல்லலாம். பொதுவாக மீள்சோதனை, ஒருமுறைச் சோதனை.

ஒரு சொல்லைப் பற்றிமட்டும் எனக்கு இன்னும் நிறைவில்லை. ஆடுபவரின் கட்டுப்பாட்டில் இல்லாத, ஆட்டமே இயக்கும் மனிதர்களை என்பிசி (நான்-பிளேயர் கேரக்டர்) என்கிறார்கள். 'ஆடாப் பாத்திரம்' என்பது அசையாமல் நிற்பவரைச் சொல்வதுபோல் இருக்கிறது. 'துணைப்பாத்திரம்' என்றால் எதிரியும் அதில் அடங்க மாட்டார். 'பிறமாந்தர்' என்று எழுதிப் பார்த்தேன்: 'இந்தப் பிரிகணுவில் எந்த மறுமொழித் தெரிவை எடுத்தாலும் பிறமாந்தர் இருவரில் ஒருவர் பகையாவார்.' வாக்கியம் தடையின்றி ஓடுகிறது என்றாலும், ஒருமையில் 'ஒரு பிறமாந்தர்' என்று சொல்லும்போது இடறுகிறது. ஒருமைக்கும் பன்மைக்கும் ஒத்துவரும் சொல் தோன்றுபவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள்.