இரண்டு சப்வூஃபர், ஒரு ஆம்ப்: ஒயரிங் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். யாங்கூனில் இருக்கிறேன். பழைய டொயோட்டா புரோபாக்ஸ் காரில் முதல் தடவையாக சப்வூஃபர் (அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்) மாட்டுகிறேன். அப்பா தவில் கேட்டு வளர்ந்தவர்; தொப்பிப் பக்கத்து (கனத்த ஒலி தரும் பக்கம்) அடி வண்டிக்குள் அப்படியே கேட்கவேண்டும் என்பது என் ஆசை.

12 இன்ச் சப் இரண்டு, ஒவ்வொன்றிலும் 4 ஓம் (மின்தடை அளவு) காயில், அதாவது கம்பிச்சுருள், இரண்டு. ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) மோனோ, அதாவது ஒரே சேனல்; 2 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. நண்பர் சொன்னபடி எல்லா பிளஸ்ஸையும் ஒன்றாக, எல்லா மைனஸையும் ஒன்றாக முறுக்கிவிட்டேன். சவுண்டைக் கூட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்து ஆம்ப் அடங்கிவிட்டது. அப்புறம் கணக்குப் போட்டால், நாலு காயிலும் இப்படிப் பேரலலில் (பிளஸ் பிளஸ்ஸோடு, மைனஸ் மைனஸோடு) சேர்ந்தால் 1 ஓம்தான்!

இப்போது ஒவ்வொரு சப்பிலும் முதல் காயிலின் மைனஸை அடுத்ததன் பிளஸ்ஸோடு சேர்த்தேன், அது 8 ஓம். இரண்டு சப்பையும் பேரலலில் இணைத்தால் 4 ஓம். ஆனால் மல்டிமீட்டர் 3.4 காட்டுகிறது. மீட்டரில் கொஞ்சம் குறைவாகத்தான் வரும் என்கிறார்கள். சரிதானே? இந்த நாலு காயிலை வைத்து ஆம்ப் அனுமதிக்கும் 2 ஓம் கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை.

ஆம்புக்குப் பவர் கொண்டுவர 4 கேஜ் (தடிமன் அளவு) ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி 60 ஆம்பியர் ஃபியூஸ். கிரவுண்டுதான் (ஆம்பின் மைனஸ் ஒயரை வண்டியின் பாடியில் மாட்டுவது) குழப்பம். பின்சீட் போல்ட் போதுமா, பாடியில் பெயிண்டைச் சுரண்டித் தனியாகத் துளை போடவேண்டுமா? துளை போட்டால் கீழே பெட்ரோல் டேங்க் இருக்குமே என்று பயமாக இருக்கிறது. புரோபாக்ஸில் செய்தவர்கள் இடத்தைப் படம் எடுத்துப் போட்டால் பெரிய உதவி. அதுவரை ஆம்பை ஆன் செய்யமாட்டேன்.