பனானா ரைடா, டோனட் ரைடா? முதல்முறை ஏறப்போகிறோம்

கரைக்காற்று:

வணக்கம். அடுத்த மாதம் நான்கு நாள் கடற்கரை விடுமுறை. காற்றடைத்த டியூபில் உட்காரவைத்துப் படகில் கட்டி இழுப்பார்களே, அதில் ஒருமுறையாவது ஏறிவிட வேண்டும் என்று வீட்டில் ஒரே பிடிவாதம். மூன்று பெரியவர்கள், 12 வயதுப் பெண், 7 வயதுப் பையன். பெரியவர்களில் ஒருவருக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. இன்னொருவருக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது யார் என்றே தெரியாது.

பனானா, டோனட், சோபா மாதிரி ஒன்று, இவற்றில் எதில் தொடங்கலாம்? நடத்துபவர் ஒழுங்கானவரா என்று கரையில் நின்றே எப்படிக் கண்டுபிடிப்பது? விழுந்தால் என்ன செய்வது?

"ஒன்றும் ஆகாது, ஜாலியாகப் போங்கள்" என்ற பதில் ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது. அது வேண்டாம்.

நங்கூரம்:

முதல் கேள்விக்குப் பதில்: பனானா.

நடுவில் நீளமான பெரிய உருளை, இரண்டு பக்கமும் கால் வைக்க ஒல்லியான உருளை. குதிரைமேல் உட்காருவதுபோல் உட்கார்ந்து, முன்னால் இருக்கும் பட்டையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். நீளமும் எடையும் அதிகம் என்பதால் நேராகப் போகும்போது அவ்வளவாகத் துள்ளாது. ஆட்டமெல்லாம் திருப்பத்தில்தான். டோனட் அப்படியில்லை. வட்டம், ஒரே ஆள், எடையே கிடையாது. குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு மாதிரி சின்ன அலையிலும் தத்திக்கொண்டே போகும். சோபா வகையில் சாய்ந்துகொள்ள முதுகு இருக்கிறது, பார்க்கப் பத்திரமாகத் தெரியும். ஆனால் திருப்பத்தில் எல்லோரும் ஒரே பக்கமாகச் சரிவதால் ஓரத்தில் இருப்பவர் விலாவில் அடுத்தவர் முழங்கை இறங்கும்.

காற்றில் எழும்பிப் பறக்கும் வகை டியூப் ஒன்றும் உண்டு. அந்த மாதிரி ஒன்றை உயிரிழப்புகளுக்குப் பிறகு 2006இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். யார் கூப்பிட்டாலும் அதன் பக்கம் போக வேண்டாம்.

திருப்பத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். படகு சட்டென்று வளையும்போது டியூப் உடனே வளைவதில்லை, போன திசையிலேயே போகும். கயிறு ஒரு நொடி தொய்யும். பிறகு விண்ணென்று இறுகி, டியூபைச் சாட்டை நுனி மாதிரி வெளிப்பக்கமாக வீசும். அந்த நேரத்தில் டியூபின் வேகம் படகின் வேகத்தைத் தாண்டிவிடும். ஓட்டுபவர் 25 கிலோமீட்டரில்தான் போனேன் என்பார், அது படகின் கணக்கு. கிளுகிளுப்பும் அடியும் பிறப்பது இந்த ஒரே இடத்தில்தான். அதனால் நீங்கள் ஓட்டுபவரிடம் முதலில் பேச வேண்டியது திருப்பத்தைப் பற்றி: எத்தனை போடுவார், எவ்வளவு அகலமாக எடுப்பார், வேண்டுமென்றே கவிழ்ப்பாரா.

உட்காரும் வரிசைக்கும் காரணம் உண்டு. கயிறு முன்னால் கட்டியிருப்பதால் வால்தான் அதிகம் வீசும். கனமான பெரியவர் கடைசியில் இருந்தால் டியூபின் மூக்கும் (முன்நுனி) தண்ணீருக்குள் குத்தாது. குழந்தையை முதல் இடத்தில் வைக்கக் கூடாது. அங்கிருந்து வழுக்கினால் பின்னால் வரும் டியூபும் அத்தனை பேர் காலும் மேலே ஏறிப் போகும். இரண்டாவது அல்லது மூன்றாவது இடம், பின்னாலேயே ஒரு பெரியவர்.

முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு பின்புறத்தில் மொத்த எடையையும் போடாதீர்கள். ஒவ்வொரு துள்ளலும் நேரே வால் எலும்பில் இறங்கும். முழங்காலை மடக்கி, பக்க உருளையில் பாதத்தை அழுத்தி, பாதி எடையைக் காலில் தாங்குங்கள். திருப்பத்தில் சைக்கிளில் சாய்வதுபோல் உள்பக்கம் சாய வேண்டும், எல்லோரும் சேர்ந்து.

சுறாபயம்:

ரொம்ப யோசிக்காதீங்க. கைப்பிடியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விடாதீங்க. மணிக்கட்டைப் பட்டைக்குள்ள விட்டு ஒரு சுத்து சுத்திக்கிட்டா விழவே மாட்டீங்க.

வடக்கயிறு:

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். டியூப் கவிழும்போது பட்டைக்குள் மாட்டிய மணிக்கட்டோ விரலோ டியூபோடு போகும், உடம்பு வேறு பக்கம் போகும். விரல் உடைவதும் தோள் மூட்டு விலகுவதும் பெரும்பாலும் இப்படித்தான். கையை மேலிருந்து வைத்துப் பிடியுங்கள், விரித்தால் உடனே விடுபட வேண்டும். மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாம் கரையிலேயே இருக்கட்டும்.

விட வேண்டிய நேரம் இதுதான்: டியூப் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது, அல்லது ஒரு கை ஏற்கெனவே நழுவிவிட்டது. அதற்குப் பிறகு தொங்குவதில் வீரம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் இல்லாத பக்கமாக உங்களைத் தள்ளிக்கொண்டு விடுங்கள். முன்னால் இருப்பவரின் ஜாக்கெட்டைப் பிடித்தால் இருவரும் ஒருவர்மேல் ஒருவராக விழுவீர்கள். பனானாவில் பலமான காயங்கள் தண்ணீரால் வருவதைவிட அடுத்தவர் தலை, முழங்கால், முழங்கையால் வருவதே அதிகம். தாடையை நெஞ்சோடு ஒட்டி, கைகளை முகத்துக்கு முன் மடக்கி, வாயை மூடிக்கொண்டு பந்துபோல் விழ வேண்டும். நீட்டிய கைதான் பிசகும்.

இனி இரண்டாவது கேள்வி. ரைடு ஒரு சுற்று போய்விட்டு வரட்டும், கரையில் நின்று பாருங்கள்.

படகில் ஓட்டுபவரைத் தவிர, பின்பக்கம் பார்த்தபடி இன்னொருவர் இருக்கிறாரா? ஓட்டுபவர் முன்னால் பார்க்க வேண்டும், விழுந்தவரைப் பார்க்க வேறு கண் வேண்டும். ஜெட் ஸ்கி இழுத்தால் இடக் கணக்கையும் போடுங்கள். மூன்று பேர் உட்காரும் வண்டியில் ஓட்டுபவரும் கவனிப்பவரும் போக மிஞ்சுவது ஒரே இடம். டியூப் கிழிந்தால் பனானாவில் இருந்த ஆறு பேரை எங்கே ஏற்றுவார்? இந்த ஒரு கேள்விக்கு வரும் முகபாவமே உங்களுக்குப் பதில்.

ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ முழங்காலிலோ சுருள் கயிறு மாட்டியிருக்க வேண்டும். அவர் தவறி விழுந்தால் அது கழன்று இன்ஜின் நிற்கும். அது ஸ்டியரிங்கில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். விழுந்தவரை ஏற்றும்போது அருகில் வந்ததும் இன்ஜினை அணைக்கிறாரா என்றும் பாருங்கள். நியூட்ரலில் வைத்திருப்பது போதாது.

கயிறு. டியூப் இழுக்கும் கயிற்றுக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் குறைந்தபட்ச அறுபடு வலு: ஒருவர் என்றால் 680 கிலோ, இருவர் 1,080, மூவர் 1,520, நால்வர் 1,860, ஆறு பேர் 2,720. நீளம் 15 முதல் 20 மீட்டர். கரையில் நின்று வலுவை அளக்க முடியாதுதான், ஆனால் சில விஷயங்கள் கண்ணுக்குத் தெரியும். நிறம் வெளுத்து, நார் பிரிந்து, தொட்டால் சுருசுருவென்று இருந்தால் வெயில் அதைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு ஓட்டினால் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். டியூபின் மூக்கில் உள்ள வளையத்தையும் பாருங்கள். அதைச் சுற்றியுள்ள துணி ஒட்டு ஓரத்தில் கிளம்பியிருந்தால் அடுத்து அறுவது கயிறாக இருக்காது.

வேகம்: பெரியவர்களுக்கு 32 கிலோமீட்டர், குழந்தை இருந்தால் 24. அதுதான் உச்சம். 32 என்பது நொடிக்கு கிட்டத்தட்ட 9 மீட்டர். 18 மீட்டர் கயிறு என்றால் படகு கடந்த இடத்தை இரண்டே நொடியில் நீங்கள் கடக்கிறீர்கள். மிதவையோ வேறு படகோ பக்கவாட்டில் இரண்டு கயிறு நீளத்துக்குள் இருந்தால், வீச்சில் அதன்மேல் போய் மோத இடமுண்டு.

கடைசியாக ஒன்று. ரைடு முடிந்து கரைக்கு வரும்போது, "போனஸ்" மாதிரி இடுப்பளவு தண்ணீரில் கவிழ்த்துவிடும் பழக்கம் சில ஓட்டுநர்களுக்கு உண்டு. நடுக்கடலில் விழுவதைவிட இது ஆபத்து. ஒரு மீட்டர் ஆழத்தில் தலைகீழாக விழுந்தால் அடியில் இருக்கும் மணல் தரை மாதிரிதான். ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்: கவிழ்க்க வேண்டாம்.

கரைக்காற்று:

நன்றி, நங்கூரம், வடக்கயிறு. இன்னும் மூன்று சந்தேகம். நீச்சல் தெரியாதவர் ஏறலாமா? 7 வயதுப் பையனுக்கு "வயது போதும்" என்று சொல்லிவிடுவார்கள், அதை நம்பலாமா? விழுந்த பிறகு நடுக்கடலில் மறுபடி எப்படி மேலே ஏறுவது? அதை யாருமே சொல்வதில்லை.

துடுப்பு:

நீச்சல் தெரியாதவர் ஏறலாம், ஆனால் முதலில் ஒரு சோதனை. ஜாக்கெட்டை மாட்டி, எல்லா பக்கிள்களையும் இறுக்கி, இடுப்பளவு தண்ணீரில் காலைத் தூக்கி மல்லாந்து இரண்டு நிமிடம் மிதக்கச் சொல்லுங்கள். முகத்தில் தண்ணீர் தெறித்தும் பதறாமல் கிடந்தால் போகட்டும். பதறினால் வேண்டாம். விழுந்தவரைத் தூக்கப் படகு வளைந்து வரச் சில நிமிடம் ஆகலாம், அதுவரை அவர் தனியாகத்தான் மிதக்க வேண்டும்.

ஜாக்கெட் சரியா என்று பார்க்க, பின்னால் நின்று தோள்பட்டையில் இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்குங்கள். காது வரை ஏறினால் அது பெரிய சைஸ். தண்ணீரில் விழுந்ததும் தானே ஊதிக்கொள்ளும் வகை இதற்கு ஆகாது, நுரை அடைத்ததுதான் வேண்டும்.

பையன் விஷயத்தில் வயதை விட்டுவிடுங்கள். உட்காரவைத்தால் இரண்டு பாதமும் பக்க உருளையில் முழுதாகப் படிகிறதா, பட்டையைச் சுற்றி விரல் மூடுகிறதா, தொடை இடுக்கு வழியாகப் போகும் வாருடன் அவன் அளவுக்கு ஜாக்கெட் இருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

மறுபடி ஏறுவது. டியூபைத் துரத்தி நீந்தாதீர்கள், படகு அதை உங்களிடம் கொண்டுவரும். இன்ஜின் நிற்கும்வரை மல்லாந்து மிதந்துகொண்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் கோத்துக் காட்டுங்கள்: நலம் என்று பொருள். தொய்ந்து மிதக்கும் கயிற்றின் வளையத்துக்குள் கையோ காலோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், படகு நகர்ந்தால் அது சுருக்காக மாறும்.

டியூப் தலைகீழாக இருந்தால், ஒருவர் பக்க உருளைமேல் ஏறி நின்று, எதிர்ப்பக்கப் பட்டையைப் பிடித்துத் தன் எடையோடு பின்னால் சாய வேண்டும். நிமிர்ந்து வரும் டியூப் அவர்மேல்தான் விழும், மற்றவர்கள் விலகி இருக்கட்டும். பிறகு ஏறுவது. கால் கீழே தொங்கினால் டியூபின் அடியில் போய்விடும், எவ்வளவு பலம் இருந்தாலும் ஏற முடியாது. காலை உதைத்து உடம்பைத் தண்ணீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, எதிர்ப்பக்கம் உள்ள பிடியை எட்டி இழுத்து, மீன் கரையேறுவதுபோல் வயிற்றால் வழுக்கி மேலே வர வேண்டும். முதல் ஆள் ஏறும்போது இன்னொருவர் எதிர்ப்பக்கம் தொங்கினால் டியூப் உருளாது. குழந்தைகளை இதில் போட்டுச் சிரமப்படுத்தாமல் படகின் ஏணி வழியாக ஏற்றிவிடுங்கள்.

கழுத்து வலி, கை மரத்துப்போவது, ஒரு காதில் சட்டென்று வலியோடு தலைசுற்றல், இவற்றில் எது வந்தாலும் மறுபடி டியூபில் ஏறக் கூடாது. பக்கவாட்டில் காது அடிபட்டு விழுந்தால் செவிப்பறை கிழிய வாய்ப்பு உண்டு, அதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். கழுத்து, முதுகுப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்களும் கரையில் இருந்து போட்டோ எடுக்கட்டும்.

உப்புத்தோல்:

உடை பற்றி யாரும் சொல்லவில்லை. சொல்லச் சங்கடமான ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேகமாகப் போகும்போது காலை விரித்தபடி விழுந்தால் தண்ணீர் பீறிட்டு மலவாய் வழியாகவோ பெண்ணுறுப்பு வழியாகவோ உள்ளே ஏறி உட்காயம் உண்டாக்கும். அரிதுதான், ஆனால் மருத்துவ இதழ்களில் பதிவான காயம். மெல்லிய நீச்சலுடை இதைத் தடுக்காது. தடித்த ரப்பர் போன்ற நியோப்ரீன் அரைக்கால்சட்டை தடுக்கும், வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். உள்தொடையில் பிளாஸ்டிக்கும் உப்பும் உரசித் தோல் உரிவதும் அதிலேயே நிற்கும். ஜீன்ஸ், தொளதொளப் பருத்தி பேன்ட் வேண்டாம், நனைந்தால் இழுக்கும். சன்ஸ்கிரீனை அரைமணி முன்பே தடவி, உள்ளங்கையை மட்டும் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். வழுக்கும் கை பிடிக்காது.

டியூப் மெத்தென்று இருந்தால் கேள்வி கேளுங்கள். உச்சி வெயிலில் கரையில் கிடந்த டியூப் கல் மாதிரி இருக்கும், தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று குளிர்ந்து தளரும். 45 டிகிரியில் 0.2 பார் (அழுத்த அலகு) இருந்த காற்றழுத்தம் 27 டிகிரித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். தளர்ந்த பனானா நடுவில் மடங்கும், மூக்கு குத்தும். நல்ல நடத்துநர் தண்ணீரில் போட்ட பிறகு மறுபடி பம்ப் வைப்பார்.

காற்றைப் பாருங்கள். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசினால் கரையோரத் தண்ணீர் கண்ணாடி மாதிரி அமைதியாகத் தெரியும். ஏமாந்துவிட வேண்டாம். விழுந்தவரையும் டியூபையும் அது உள்ளே தள்ளிக்கொண்டே போகும். உயிர்காப்பாளர்கள் கம்பத்தில் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை (காற்றின் திசை காட்டும் துணிக்குழல்) ஏற்றியிருந்தால் காற்றடைத்த எதையும் இறக்கக் கூடாது என்று அர்த்தம்.

சைகை நான்கு போதும், ஏறும் முன் ஓட்டுபவரோடு ஒத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் மேலே: வேகம் கூட்டு. கீழே: குறை. கழுத்துக்குக் குறுக்கே கை: நிறுத்து. தலைமேல் தட்டினால்: கரைக்குப் போ. கிளம்பும்போது கயிறு மெல்ல இறுகும்வரை அவர் காத்திருக்கிறாரா என்று பாருங்கள். தொய்ந்த கயிறோடு ஒரேயடியாக வேகத்தைக் கூட்டினால் முதல் வெட்டிலேயே பாதிப் பேர் தண்ணீரில்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கரையில் வைத்துவிட வேண்டியதுதான். கயிறு கட்டினாலும் விழும்போது சட்டம் கண்ணோரத்தில் வெட்டும். நீச்சல் கண்ணாடியும் வேண்டாம், அந்த வேகத்தில் அது முகத்தில் அழுந்தும். காண்டாக்ட் லென்ஸ் ஒரே முழுக்கில் போய்விடலாம். அவரை நடுவில் உட்காரவையுங்கள். முதல் இடத்தில் இருப்பவர் படகு வளைவதைப் பார்த்ததும் "இடம்", "வலம்" என்று கத்தினால், பார்க்க முடியாதவரும் சரியான பக்கம் சாய்ந்துவிடுவார்.