கச்சா எண்ணெயில் முதலீடு: புதியவர் எதில் தொடங்குவது, எந்தத் தளத்தை நம்புவது?

கேள்வி

வணக்கம். தங்கத்திற்கும் வெள்ளிக்கும் நம் பங்குச் சந்தையில் இ.டி.எஃப். (பங்கைப் போல வாங்கி விற்கக்கூடிய நிதி) இருப்பதைப் போலக் கச்சா எண்ணெய்க்கும் உண்டா என்று தேடினேன், கிடைக்கவில்லை. என்னிடம் இரண்டு லட்சம் ரூபாய் இருக்கிறது, மூன்று ஆண்டுகள் வரை பொறுத்திருக்கவும் முடியும். சரக்குச் சந்தையான எம்.சி.எக்ஸ்.-இன் ஒப்பந்தம், எண்ணெய் நிறுவனப் பங்குகள், டெலிகிராம் குழு ஒன்றில் பரிந்துரைக்கப்படும் வெளிநாட்டுச் செயலி ஆகிய மூன்றில் எது எனக்குப் பொருந்தும்?

மறுமொழி 1

மூன்று ஆண்டுகள் பொறுத்திருக்க நினைப்பவருக்கு எம்.சி.எக்ஸ். ஒப்பந்தம் பொருந்தாது, ஏனெனில் அது மாதந்தோறும் முடிவடையும். தொடர விரும்பினால் பழையதை விற்று அடுத்த மாதத்து ஒப்பந்தத்தை வாங்க வேண்டும். அடுத்த மாத விலை கூடுதலாக இருக்கும் காலங்களில் இந்த மாற்றமே முதலைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும்.

ஒரு லாட், அதாவது ஒரு ஒப்பந்தத்தின் அளவு, 100 பீப்பாய். பீப்பாய் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் சுமப்பது ஆறு லட்சம் ரூபாய்ச் சரக்கின் ஏற்ற இறக்கத்தை. மார்ஜினாக, அதாவது பிணைத்தொகையாக, கட்டுவது அதில் ஒரு பகுதி மட்டுமே. 10 பீப்பாய் கொண்ட மினி ஒப்பந்தமும் உண்டு.

2020 ஏப்ரல் 20 அன்று நடந்ததைப் புதியவர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஊரடங்கினால் எம்.சி.எக்ஸ். அப்போது மாலை 5 மணிக்கே மூடப்பட்டது. அன்றிரவு அமெரிக்காவில் டபிள்யூ.டி.ஐ. என்ற அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலருக்குச் சரிந்தது. மாலையில் 965 ரூபாயில் நின்ற நம் ஒப்பந்தத்தின் கணக்கு மைனஸ் 2,884 ரூபாய் விலையில் முடிக்கப்பட்டது. வாங்கி வைத்திருந்தவர்களுக்கு வெளியேற வழியே இருக்கவில்லை.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். உங்கள் கால அளவுக்குப் பங்குகளே பொருந்தும், ஆனால் எல்லா எண்ணெய் நிறுவனமும் எண்ணெய் விலையோடு ஒரே திசையில் நகராது. பூமியிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஓ.என்.ஜி.சி., ஆயில் இந்தியா ஆகியவற்றுக்கு விலையேற்றம் பொதுவாக ஆதாயம். எனினும் 2022 ஜூலையில் அரசு விதித்து 2024 டிசம்பரில் நீக்கிய சிறப்பு வரி அந்த ஆதாயத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. பெட்ரோல், டீசல் விற்கும் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகியவற்றின் நிலை வேறு. 2022 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் கச்சா விலை உச்சத்தில் இருக்க, பங்க் விலை உயர்த்தப்படாததால் மூன்றுமே நஷ்டம் காட்டின. மணலியில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் சென்னை பெட்ரோலியத்திற்குக் கச்சா விலையைவிடச் சுத்திகரிப்பு லாப வரம்பே, அதாவது கச்சா விலைக்கும் அதிலிருந்து கிடைக்கும் பொருட்களின் விலைக்கும் உள்ள இடைவெளியே, முக்கியம்.

மறுமொழி 3

அந்த வெளிநாட்டுச் செயலியை இன்றே அழித்துவிடுங்கள் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். இத்தகைய செயலிகள் பெரும்பாலும் தருவது சி.எஃப்.டி., அதாவது எண்ணெயை வாங்காமல் விலை வித்தியாசத்தின் மீது மட்டும் போடும் ஒப்பந்தம்; அங்கே சந்தை என்று ஒன்று இல்லை, உங்கள் எதிர்த்தரப்பே அந்த நிறுவனம்தான். வெளிநாட்டுச் சந்தைக்கு மார்ஜின் கட்டப் பணம் அனுப்புவதை ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. அனுமதியற்ற அந்நியச் செலாவணித் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலையும் அது வெளியிட்டிருக்கிறது.

புரோக்கரைத் தேர்வு செய்கையில் கட்டணத்தைப் பிறகு பாருங்கள். முதலில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தந்த பதிவு எண்ணை செபியின் இணையதளத்திலேயே சரிபாருங்கள். கமாடிட்டி (சரக்கு) வர்த்தகம் வேண்டுமெனில் அவர் எம்.சி.எக்ஸ். உறுப்பினரா என்பதையும் பாருங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. செயலியை நீக்கிவிட்டேன். ஒரே ஒரு ஐயம்: ஆப்ஷன் (குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை) வாங்கினால் நஷ்டம் அதற்குக் கட்டும் பிரீமியத்தோடு நின்றுவிடும் அல்லவா?

மறுமொழி 1

வாங்குபவருக்கு அப்படித்தான், ஆனால் முடிவு நாள்வரை மட்டும். எம்.சி.எக்ஸ். கச்சா ஆப்ஷன் லாபத்தில் முடிந்தால் அது நான் முதலில் சொன்ன மாத ஒப்பந்தமாக (ஃபியூச்சர்ஸ்) மாறி, முழு மார்ஜினும் கேட்கப்படும். ஆகவே முடிவு நாளுக்கு முன்பே விற்று வெளியேறிவிட வேண்டும்.